சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள்

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறான். கேட்டவன் வேறு யாருமில்லை, செத்துப்போன மாரியாயியின் சொந்தத் தம்பி மகன். பெட்டியை எட்டிப் பார்த்தான், உச்சுக்கொட்டினான், போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடிப் போய்விட்டான். அழுகிறவர்களும் ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டுதான் அழுகிறார்கள்.

வாசலில் கூடாரத்தின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு அய்யாவு நின்றார். கட்டியவர்கள் அடியில் கல் வைக்காமல் போயிருந்தார்கள். காற்றடித்தால் கால் ஆடியது. சொன்னதற்கு, "ஒண்ணும் ஆகாது அங்கிள்" என்றார்கள். எவன் ஒன்றும் ஆகாது என்கிறானோ அவனிடத்தில்தான் ஏதாவது ஆகும் என்பது, போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டிய காலத்திலிருந்து அவர் கண்டது. அதனால் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர், பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராமல் கூடாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

மேரு என்ற அந்த ஊரில், வரிசை வீடுகளில் அவருடையது கடைசி வீடு. மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உறுமி மேளக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் மாரியாயி படுத்திருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், பிறந்த வீட்டிலிருந்து வந்த சிவப்புக் கோடி. புருஷனுக்கு முந்திப் போகிறவள் கொடுத்துவைத்தவள் என்று வந்தவர்களெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். யாருக்குக் கொடுத்துவைத்தது என்றுதான் அய்யாவுக்கு விளங்கவில்லை.

பெட்டியின் கால்மாட்டில் மூன்று பெண்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அவருடைய தங்கை புஷ்பவல்லி. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். மற்ற இருவர் ரோசலினும் வள்ளியம்மாவும். சின்ன வயதில் மாரியாயியோடு சேர்ந்து நால்வரும் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் வேலை செய்தவர்கள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு, தலைமுடியைவிடச் சன்னமான கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. அந்த வரிசைக்கு மாரியாயி லைன் லீடர். அவளைத் தன் அண்ணனுக்குப் பேசி முடித்ததே புஷ்பவல்லிதான்.

வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் மூவரும் லீடரை விடவில்லை, லீடரும் அவர்களை விடவில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு வாரம் சிலோன் போக வேண்டும். கோயில் குளம் பார்க்க வேண்டும், காட்டுக்குள் போய் யானையும் சிறுத்தையும் பார்க்க வேண்டும். "காலமெல்லாம் கண்ணுக்குத் தெரியாததையே பாத்தாச்சு. கூண்டுல இல்லாத பெரிய மிருகம் ஒண்ணைக் கண்ணு நெறையப் பாக்கணும்" என்பாள் மாரியாயி. போனால் நால்வரும் போவது, ஒருத்தி வரவில்லையென்றால் ஒருத்தியும் போவதில்லை என்று ஒரு சட்டமும் அவளே போட்டிருந்தாள். அந்தச் சட்டம்தான் அவர்களை இத்தனை வருஷம் போக விடவில்லை. ஒரு தடவை ரோசலின் மகள் கல்யாணம். ஒரு தடவை வள்ளியம்மா புருஷனுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. ஒரு தடவை கொரோனா. ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டி, பெட்டி அவிழ்த்தார்கள்.

அய்யாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. காசு வாங்கிக்கொண்டு சிறுத்தை காட்டுகிறேன் என்கிறவன், கட்டிப்போட்ட பூனையைக் காட்டினாலும் காட்டுவான். மிருகத்துக்கு என்ன, மணி பார்த்து வந்து நிற்க வேண்டுமென்று தலையெழுத்தா?

இந்த முறை சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. போட்ட பிறகுதான் மாரியாயியின் இதயத்தைப் பார்த்த டாக்டர், விமானம் ஏறவே கூடாது என்று சொன்னார். அத்தோடு எல்லாம் கலைந்துவிடும் என்று அய்யாவு எதிர்பார்த்தார். அவளானால் டாக்டர் சொன்ன அன்றைக்குச் சாயந்திரமே, "அந்தச் சட்டத்தை நான் எடுத்துட்டேன். நீங்க மூணு பேரும் போறீங்க" என்று உத்தரவு போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் போட்ட ஏற்பாட்டைப் பார்த்தால், போகாதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நேற்று மத்தியானமும் அதே கூத்துதான். ஹாலில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரோசலினுக்கு மடு மாதாவிடம் நேர்த்தி இருக்கிறது. மடு ஒரு மூலை, சிறுத்தை இருக்கிற யாலா காடு இன்னொரு மூலை. ஏழு நாளில் இரண்டும் ஆகாது, ஒன்றை விடுங்கள் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் ஏஜெண்ட் யுகேந்திரன் ஒற்றைக்காலில் நின்றான். ரோசலின் விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டாள். மாரியாயி விடவில்லை.

"தம்பி, கொழும்புல எதுக்கு ரெண்டு நாளு?"

ஷாப்பிங் ஆன்டி, எல்லா லேடீஸும் கேட்பார்கள் என்றான் அவன்.

"மஸ்ஜித் இந்தியாவுல இல்லாத துணியா அங்க வச்சிருக்கான்? கொழும்பை வெட்டு. மடுவுக்கு ஒரு நாளு குடு. கதிர்காமத்துக்குப் பக்கத்துலதான யாலா, முருகனுக்கும் சிறுத்தைக்கும் ஒரே ரோட்டு. ஜீப்பு காலையில வேணாம், காலையில எல்லா ஜீப்பும் முட்டிக்கிட்டு நிக்குமாம். சாயந்திரம் போடு."

அவன் ஓட்டல் மாற்ற முடியாது என்றான், டிரைவர் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றான். அவள் குரலை உயர்த்தவே இல்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன், "சரிங்க ஆன்டி, நீங்க சொன்ன மாதிரியே போட்டுடறேன் லா" என்று இறங்கி வந்தான்.

மாரியாயி போனை மார்மேல் வைத்துக்கொண்டு, வேலைநிறுத்தத்தில் ஜெயித்துவிட்டு வந்தவள் போலச் சிரித்தாள். "ஏங்க, ஒரு தே ஓ போட்டுத் தாங்க. தொண்டை காஞ்சிபோச்சு" என்றாள்.

அய்யாவு அடுப்படிக்குப் போய், பாலில்லாத அந்தத் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார். வைத்தபடியே, காட்டுக்குள் போய் மண்ணைத்தான் பார்த்துவிட்டு வரப்போகிறார்கள், சிறுத்தை கண்ணில் படவே படாது என்று சத்தமாகச் சொன்னார். பதில் வரவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு சொல்லை அவள் எதிர்ச்சொல் இல்லாமல் தரையில் விழ விட்டதில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

இப்போது வீட்டுக்குள் ஏதோ கசமுசாவென்று சத்தம் கேட்டது. மாரியாயியின் அண்ணன் தம்புசாமி வாசற்படியில் நின்று பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தார். யாரோ ரோசலினிடம் சனிக்கிழமைப் பயணம் என்னாயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"பொணத்தை இன்னும் எடுக்கல, அதுக்குள்ள பிக்னிக் கணக்கா? வெளியாளுங்க போங்க, வேணாங்கல. இவ நாத்தனாக்காரி, இந்த வீட்டுல இருக்கிறவ. பதினாறு நாளும் விளக்கு ஏத்தி, சோறு வைக்கிறது யாரு?"

அவர் சொன்னதில் பிசகில்லை. செத்தவளின் தலைமாட்டு இடத்தில் விளக்கு ஏற்றி, காரியம் முடிகிற வரை அணையாமல் பார்த்துக்கொண்டு, வேளாவேளைக்கு ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு கை சோறும் வைக்க வேண்டும். வீட்டுப் பெண் செய்கிற வேலை. மகன் முகுந்தன் சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருப்பவன், பால் தெளித்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டுப் பதினாறுக்குத்தான் வருவான். இந்த வீட்டில் வேறு பெண் ஏது?

புஷ்பவல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தான் போகவில்லை, இவர்கள் இருவரும் போகட்டும் என்றாள். ரோசலின் உடனே தானும் இல்லை என்றாள். வள்ளியம்மாவும் தலையாட்டினாள். யாரும் கோபப்படவில்லை. இதற்குப் பழகியவர்களாக இருந்தார்கள். ரோசலின் கைப்பையிலிருந்து போனை எடுத்து யுகேந்திரனின் நம்பரைத் தேடத் தொடங்கினாள்.

அய்யாவு கூடாரத்துக் காலை விட்டார். அது ஆடியது, விழவில்லை. செருப்போடு வாசற்படி வரை வந்துவிட்டு, அதைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"போனை உள்ள வை, ரோசலின்."

"அண்ணே, அதில்ல..."

"உள்ள வைன்னேன். மூணு பேரும் போங்க."

தம்புசாமி, மாப்பிள்ளைக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்கிற மாதிரி சுற்றிலும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப விளக்கு?"

"நான் ஏத்துறேன்."

"ஆம்பிளையா?"

"திரியைப் போட்டு எண்ணெய் ஊத்தினா எரியப் போவுது. யாரு கைன்னு அதுக்கு என்ன தெரியும், மச்சான்?"

"சோறு?"

"சோறும் நானே வைக்கிறேன். பதினாறுல ஒரு நாளு நான் கொறைக்கல. இப்ப எல்லாரும் மூணா நாளே தலை முழுகிட்டு வேலைக்கு ஓடுறானுங்க, அந்தக் கதை இந்த வீட்டுல கெடையாது. இவளுங்க ஒரு வாரத்துல திரும்பிடுவாளுங்க. பதினாறாம் நாளு நாத்தனா இங்க இல்லாட்டி அப்ப வந்து என்னைக் கேளுங்க."

தம்புசாமி, ஊர் சிரிக்கும் என்று சொல்லிப் பார்த்தார். நாத்தனார் ஜீப்பில் ஊர் சுற்றுகிறாள், புருஷன் அடுப்பூதுகிறான் என்று பேசுவார்கள் என்றார்.

"பேசட்டும். உங்க தங்கச்சி செத்த அன்னிக்கும் அந்த ஏஜெண்டுகிட்ட மல்லுக்கட்டி ஜெயிச்சிட்டுத்தான் செத்தா. அதைத் தோக்கடிக்க எனக்கு இஷ்டமில்ல." குரல் தானாகவே உயர்ந்துவிட்டதை உணர்ந்து அவர் நிறுத்தினார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "ஆனா ஒண்ணு, சிறுத்தையெல்லாம் பாக்க மாட்டீங்க" என்றார்.

வள்ளியம்மாதான் முதலில் சிரித்தாள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று முந்தானையால் வாயைப் பொத்தினாள். அதைப் பார்த்து ரோசலினுக்கும் அடக்க முடியவில்லை. புஷ்பவல்லி அழுதுகொண்டே சிரித்தாள். தம்புசாமி வெளியே போய் மேளக்காரர்களைச் சத்தம் போட்டார்.

மூன்று மணிக்கு உறுமி முழங்கியது. பெட்டியைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். பெண்கள் கேட்டுக்கு அப்பால் வருவது வழக்கமில்லை. அந்த மூவரும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரோசலின் சிலுவை போட்டுக்கொண்டாள். வேன் நகரும்போது அவள் சொன்னது மேளத்தை மீறி அய்யாவுக்குக் கேட்டது.

"போய்ட்டு வர்றோம், லீடர்."

அன்று சாயந்திரமே அய்யாவு விளக்கேற்றினார். முதல் திரி எண்ணெயில் மூழ்கி அணைந்தது. இரண்டாவது புகைந்தது. புஷ்பவல்லி கை நீட்டினாள், அவர் தட்டிவிட்டார். மூன்றாவது நின்று எரிந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கைலி கட்டிய கிழவர் திரி திரிப்பதைப் பார்த்து ஒன்றும் பேசாமல் போனார்கள். பேசுகிறவர்கள் ரோட்டுக்குப் போய்ப் பேசியிருப்பார்கள். பால் தெளித்த பிறகு முகுந்தன் கிளம்பும்போது, "அப்பா, முடியுமா?" என்று கேட்டான். பார்க்கலாம் என்றார்.

சனிக்கிழமை காலையில் அவரே காரை எடுத்தார். வாடகைக் கார்க்காரன் சுற்றி வளைத்துக் கொண்டுபோவான் என்று அவருக்குத் தெரியும். விமான நிலையம் வரை மூவரும் வாய் மூடவில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் வேலை முடிந்து வருகிற பெண்கள் போல ஒருத்தி பேச்சின்மேல் ஒருத்தி பேசினார்கள். மடுவில் மெழுகுவர்த்தி ஏற்றுவது யார், சிறுத்தையைப் படம் எடுப்பது யார், கதிர்காமத்தில் தீட்டுக்காரி புஷ்பவல்லி கோயிலுக்கு வெளியே நிற்கிறபோது துணைக்கு நிற்பது யார் என்று பங்கு போட்டார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரிச் சிவப்புச் சட்டை. மாரியாயி எப்போதோ தைக்கக் கொடுத்து வைத்தது. துக்கத்தில் சிவப்பு ஆகுமா என்று புஷ்பவல்லி தயங்கினாளாம். லீடர் சொல்லை மீற முடியுமா என்று ரோசலின் போட வைத்தாளாம்.

பெட்டி போடும் இடத்தில்தான் சிக்கல் வந்தது. புஷ்பவல்லியின் பெட்டி எடைக்கு மேல் போயிருந்தது. ஏதாவது எடுங்கள் ஆன்டி என்றாள் கவுண்டர் பெண். கூட்டத்துக்கு நடுவில் பெட்டியைத் தரையில் போட்டுத் திறந்தார்கள். சேலைகளுக்கு அடியிலிருந்து வெள்ளையாக, உருண்டையாக ஒன்று வெளியே வந்தது. சோறாக்கும் குக்கர்.

அய்யாவு குனிந்து பார்த்தார். மூடியில் இருந்த விரிசலைப் பார்த்தார்.

"நம்ம வீட்டுதா இது?"

"அங்க சோறு எப்படி இருக்குமோன்னு ரோசலின்தான்... நீங்க கடையில சாப்பிட்டுக்குவீங்கன்னு நெனச்சேன் அண்ணே."

"கடைச் சோத்தையா அவளுக்கு வைக்கிறது?"

புஷ்பவல்லியின் முகம் வாடிவிட்டது. ரோசலின் பெட்டியை வேகமாக மூடினாள். எடை சரியாக இருந்தது. கவுண்டர் பெண் சீட்டைக் கொடுத்ததும் வள்ளியம்மா அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். முன்னே பின்னே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அதைப் பற்றி மூவருக்கும் ஒரு கவலையும் இல்லை. இத்தனை வருஷத்தில் இந்த இடம் வரை வந்தது இதுதான் முதல் தடவை.

சிறுத்தையைப் பார்த்ததும் படம் அனுப்புகிறேன் என்றாள் புஷ்பவல்லி.

"நாய் படத்தை அனுப்பிட்டுச் சிறுத்தைங்காதே" என்றார் அவர். "போ. நேரமாச்சு."

அவர்கள் உள்ளே போனார்கள். உள்வாசலைத் தாண்டும் வரை அந்தச் சிவப்புச் சட்டைகள் தெரிந்தன. அய்யாவு குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயரைக் கையில் சுற்றியபடி, பெட்டி தள்ளி வருகிற கூட்டத்துக்கு எதிராக நடந்தார். சாயந்திர ஜீப்பாம். எந்த மிருகம் சாயந்திரம் பார்த்து வெளியே வரும்? கார் நிறுத்திய தளம் எது என்று நினைவில்லை. தேடிக்கொண்டே போனார். குக்கருக்குள் கிடந்த அரிசி அளக்கும் கோப்பை, அவர் எடுத்து வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் கடகடவென்று உருண்டது.