எதிர்க்கடையில் கேளுங்க

விற்பவன் வாயைத் திறக்குமுன் சரக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்துப் பழக்கம். பேச ஆரம்பித்துவிட்டால் கந்தலும் பட்டாகத் தெரியும் என்பார் அவள் அப்பா. துணிக்கடைத் தெருவில் பொத்தான் கடை வைத்திருந்தார். எதிர்வரிசையில் அவருடைய அண்ணன் நூல் கடை வைத்திருந்தார். கல்லாவுக்கு அடியில் தவழ்ந்து திரிந்த குழந்தைக்குப் ‘பொத்தான்’ என்று பேர் வைத்தவர் அந்தப் பெரியப்பாதான். இன்று அவள் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறாள். மாணவர்களுக்கு மேடம். வீட்டில் இன்னும் பொத்தான்தான்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நகராட்சிக்காரர்கள் தெருவை அகலப்படுத்த வந்தார்கள். சில கடைகள் போயாக வேண்டும், எவை என்று நீங்களே சொல்லுங்கள் என்று பொறுப்பை வியாபாரிகள் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். சங்கத் தலைவர் பெரியப்பா. கூட்டம் நடந்தது. எந்தக் கடையைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அந்தக் கடைக்காரர் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. அப்பா வாசலில் நின்றார். கதவு திறந்தபோது முதலில் போகும் கடை அவருடையது என்று முடிவாகியிருந்தது.

அதற்குப் பிறகு அப்பா வேறொருவர் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பில் எழுதினார். அண்ணனோடு ஒரு பேச்சில்லை. அப்படியே ஒருநாள் போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தெருவின் அறுபதாண்டுக் கதையைத்தான் பொத்தான் தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு ஆராய்ச்சியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு கேள்வி இருந்தது.

“நீ என்ன வேணா எழுதிக்கோ. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினாங்களே, உள்ள அந்த மனுஷன் தம்பிக்காக ஒரு வார்த்தை பேசினாரா இல்லையா?”

“பேசியிருந்தா என்னம்மா பண்ணுவே?”

“போய் ஒரு தடவை பாத்துட்டு வருவேன். எனக்கும் முட்டி தேயுது, அவருக்கும் வயசாச்சு.”

சங்கத்தின் இப்போதைய செயலாளர் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். “பாத்து எடும்மா. எலி கூட ரெண்டு பக்கம் தின்னுட்டு அலுத்துப்போய் விட்ட புஸ்தகம்.”

அந்தக் கூட்டத்தின் குறிப்பு கிடைத்தது. ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ அவ்வளவுதான். ஒரு டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில்கூட ஒருமனப்படாத நாற்பது வியாபாரிகள் ஒருமனதாகத் தீர்மானித்தார்களாம்! அன்று உள்ளே இருந்தவர்களில் பெரியப்பாவைத் தவிர இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். ஒருவர், “உங்க பெரியப்பா தேம்பித் தேம்பி அழுதாரு” என்றார். அவர் பெரியப்பாவின் சம்பந்தி. இன்னொருவர், “வாயே தொறக்கலையே, கல்லு மாதிரி இருந்தாரு” என்றார். அவருக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு சுவர் விஷயமாகத் தீராத பகை.

“இதுக்குத்தான் சொல்றேன்” என்றார் அவளை வழிநடத்திய பேராசிரியர். “ஆளுங்க நேத்து நடந்ததை இன்னிக்கு இருக்கிற கோபத்துலதான் சொல்வாங்க. முதல்ல காகிதத்தை எல்லாம் முடி. உங்க பெரியப்பா சம்பந்தப்பட்ட ஆளு, அதுவும் உன் ரத்தம். அவரைக் கடைசியா பாரு. முன்னாடியே பாத்தா அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் நீ மத்ததைப் படிப்பே.”

சரக்கு முதலில், பேச்சு பிறகு. அப்பா சொன்னதும் இதுதானே! பொத்தானுக்கு அது நெஞ்சில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. நகராட்சி வரைபடங்கள், பழைய விளம்பரங்கள், சங்கக் குறிப்புகள் என்று இரண்டு வருடம் தும்மித் தும்மிப் படித்தாள்.

உழைப்பு வீண் போகவில்லை. அந்தத் தெரு நான்கு தடவை அகலமாகியிருந்தது. நான்கு தடவையும் தலைவர் வேறு வேறு ஆள். ஆனால் நான்கு தடவையும் முதலில் போனது தலைவரின் சொந்தக்காரர் கடை. ஒருவர் மைத்துனருடையதைக் கொடுத்தார், ஒருவர் மாமனாருடையதை, ஒருவர் பெற்ற மகனுடையதை. தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்தவன் வீட்டில் கை வைத்தால் எவன் ஒத்துக்கொள்வான்? இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் யாருக்கும் சொல்லித் தரவுமில்லை. தெருவில் நின்றவர்களுக்கு அவரவர் தடவைதான் தெரியும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவளுக்குத்தான் விதி தெரிந்தது.

அன்று வீட்டுக்கு ஓடிவந்தாள் என்றே சொல்லலாம். அம்மா கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பெரியப்பா கெட்டவர் இல்லம்மா. அந்த நாற்காலியில யாரு உக்காந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. அறுபது வருஷமா அப்படித்தான் நடந்திருக்கு.”

அம்மா சட்டையை நீவிவிட்டாள். “அறுபது வருஷமா நடந்தா சரியாயிடுமா? ஊருக்கு நாலு தடவை. உங்கப்பாவுக்கு ஒரே தடவைதானே போச்சு.” பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். “நான் கேட்டது என்னாச்சு? பேசினாரா?”

காகிதம் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் காலையிலேயே பொத்தான் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் பெரியப்பாவின் மருமகள், அவளுக்கு அண்ணி.

“வாங்க மேடம்! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“வேலை அண்ணி. பெரியப்பாகிட்ட கொஞ்சம் பேசணும்.”

அண்ணியின் குத்தல் அடங்கியது. “உனக்கு யாரும் சொல்லலையா? மழைக்கு முன்னாடி தலையில என்னமோ அடைச்சுக்கிச்சு. எந்திரிச்சு நடமாடுறாரு, சாப்பிடுறாரு. ஆள்தான் இங்க இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “அதுவரைக்கும், நீ தெருக் கதை எழுதறேன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து ஒரே நச்சரிப்பு. ‘பொத்தான் எப்ப வருவா, என்கிட்ட கேக்காம எப்படி எழுதுவா’ன்னு. தினமும் சவரம் பண்ணிக்கிட்டு, இஸ்திரி சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருவாரு. ரெண்டு வருஷம்டி. உன் கல்லூரியிலேர்ந்து இங்க வர ஒரு பஸ்ஸுதானே?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பொத்தான் ஜாக்கிரதையாக இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண் காத்திராது என்று யாரும் சொல்லித் தரவில்லை. காகிதம் எங்கே போய்விடப் போகிறது? அறுபது வருடம் அலமாரியில் கிடந்தது, இன்னும் இரண்டு வருடம் கிடந்திருக்கும்.

பெரியப்பா ஜன்னலோரம் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாடிக்கையாளருக்கு மலரும் மலர்ச்சி.

“வாங்கம்மா, உக்காருங்க. என்ன வேணும்?”

“பெரியப்பா, நான் பொத்தான்.”

“பொத்தானா?” நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “நம்மகிட்ட நூல் மட்டும்தாம்மா. எல்லாக் கலர்லயும் இருக்கு. பொத்தான் வேணும்னா எதிர்க்கடையில கேளுங்க.”

“பெரியப்பா, அன்னிக்குக் கூட்டத்துல...”

“நம்ம தம்பி கடைதான். நான் அனுப்பினேன்னு சொல்லுங்க, பாத்துப் போட்டுத் தருவான். பேரம் ரொம்பப் பேசாதீங்க, பாவம், அவனுக்கு இல்லைன்னு சொல்ல வராது.” ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். அங்கே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருந்தது.

“யார் வந்தாலும் அங்கதான் அனுப்புறாரு” என்றாள் அண்ணி. “பால்காரரைக்கூட.”

பஸ்ஸில் வரும்போது பொத்தான் தொழில் புத்தியோடு யோசித்துப் பார்த்தாள். இதற்குச் சான்று மதிப்பு கிடையாது. அன்றைக்கு உள்ளே ஒரு வார்த்தை பேசினார் என்பதற்கும் ஆகாது, பேசவில்லை என்பதற்கும் ஆகாது. அடிக்குறிப்பில் வைக்கக்கூடத் தகாது. பேராசிரியர் சிரிப்பார். பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “பேசினாராமா?”

அம்மாவுக்கு ஒரு பொய் போதும். “பேசினாராம்மா” என்றால் அம்மா நாளைக்கே கிளம்பிவிடுவாள். நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியலம்மா. இனிமே தெரியவும் தெரியாது. நான் லேட்டாப் போயிட்டேன்.”

நடந்ததை எல்லாம் சொன்னாள். சவரம் செய்துகொண்டு காத்திருந்ததையும் சொன்னாள், ஜன்னலையும் சொன்னாள். அம்மா அதே இடத்தில் நின்று கேட்டாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டு விசேஷத்தை விசாரிப்பதுபோல மெல்லக் கேட்டாள்.

“எதிர்க்கடை தொறந்திருக்காமா?”