நீங்க அவருக்கு என்னா வேணும்?

1

இந்தக் கதைக்குக் காரணம் என் அம்மா. 1984. பினாங்கில் வேதியியல் ஆராய்ச்சியில் இருந்த நான், லீவுக்கு ரிங்லெட் என்ற மலையூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்திருந்தேன்.

"அப்படி என்னாதான்டி ஐவி கம்பியூட்டர்ல கணக்குப் போடுற?"

"பிணைப்பே இல்லாத ரெண்டு அணு ஒன்னை ஒன்னு என்ன செய்யுதுன்னும்மா. சொந்தமில்லாத ரெண்டு பேருன்னு வச்சுக்கங்க. ரொம்ப தூரத்துல இருந்தா ஒன்னுமில்ல. கொஞ்சம் கிட்ட வந்தா இழுக்கும். ரொம்பக் கிட்ட வந்தா தள்ளிடும்."

"இதுக்குப் போயி கம்பியூட்டரா? பாஞ்சாலையையும் பக்கிரிசாமியையும் பாத்தாலே தெரியும் லா."

2

பனி மூடிய தேயிலை மலையில் ஒரு (அடித்துவிட்டேன். அங்கே பிறந்தவர்கள் பனியை நின்று பார்ப்பதில்லை.)

பாஞ்சாலை கொழுந்து பறிப்பவர், விதவை. பக்கிரிசாமி லோரி ஓட்டுபவர், தனிக்கட்டை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைனில் எதிரெதிர் வீடுகள், நடுவே கால்வாய். அவர் கால்வாயைத் தாண்டி வந்தால் சண்டைதான். லோரி திரும்பத் தாமதமானாலோ, பாஞ்சாலைக்குச் சோறு இறங்காது. இருபது வருஷமாக இப்படி. [காதல் என்று எழுதலாமா? பாஞ்சாலை துடைப்பத்தை எடுத்துவிடுவார்.]

* என் கணக்கில் ஒரு விதி உண்டு: நேரே பிணைந்த அணுக்களை அதில் சேர்க்கக் கூடாது. பிணைப்பில்லாதவைதான் கணக்கு.

3

அதே வாரம் பக்கிரிசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பாஞ்சாலையும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவருக்கு நினைவில்லை. உடனே ஆபரேஷன் செய்தால் பிழைப்பார் என்றார்கள்.

"சொந்தக்காரங்க ஒப்புதல் வேணும்," என்றார் ஆஸ்பத்திரியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. "நீங்க அவருக்கு என்னா வேணும்?"

"அவரு எந்திரிச்சு வரணும்," என்றார் பாஞ்சாலை. "வேறென்னா வேணும் எனக்கு?"

கிராணி சிரிக்கவில்லை. படிவத்தை நீட்டினார்.

4

முடிவு ஒன்று: 'மனைவி' என்று எழுதுகிறேன். அவர் பிழைக்கிறார். பிறகு லைனில் பாஞ்சாலை தலைநிமிர்ந்து (இதையும் அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: 'எதிர்வீடு'. படிவம் திரும்பி வருகிறது.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். பாஞ்சாலைக்கு எழுதத் தெரியாது. "நீ படிச்சவதானே ஐவி. நாங்க என்னாவோ அத எழுதிடும்மா."

வருஷம் முழுக்க அதைத்தானே கணக்குப் போட்டேன். எண் இருந்தது, சொல் இல்லை. வெட்கமாக இருந்தது.

நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்காமலே அவர் கீழே கைநாட்டு வைத்துவிட்டார். கிராணி காத்திருக்கிறார். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறவு: