ஃபர்ஹத் டீச்சர் போட்ட இரண்டு மதிப்பெண்

1

'இந்தக் கதை ஒரு திருட்டில் தொடங்குகிறது' என்று முதலில் எழுதினேன். பெரிய வார்த்தையாகப் பட்டதால் அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: இருபத்து மூன்று துண்டுச் சீட்டுகளைத் தட்டச்சு செய்திருக்க வேண்டியவன், இருபத்திரண்டை மட்டும் செய்தேன். மிச்சம் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல், அதைப் பற்றி எழுதிக்கொண்டே காலத்தை ஓட்டலாம்.

என் பெயர் குமரகுருபரன். பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை. எங்கள் திரைப்படக் கழகத்தின் செயலாளரும் நான்தான். அதாவது நாற்காலி எடுத்துப் போடுகிறவன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம், ஒரு லாட்ஜ் மாடியில் படம் போடுவோம். முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு. கருத்து, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், பெயர், ஊர். அவற்றைத் தொகுத்து இரண்டு பக்கத் தாளாக அச்சடித்து எல்லோருக்கும் கொடுப்பது என் வேலை.

2

ஒரு தொடக்கம்: 'லண்டனில் மழை கொட்டியபோது பாளையங்கோட்டையில் நூற்று மூன்று டிகிரி வெயில்.' சினிமாக்காரன் புத்தி. வேண்டாம்.

இன்னொன்று: 'பயங்கரவாதம் என்பது ஒரு…' [பாதியில் விட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

படத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் படம். தூக்கமில்லாத ஒரு போலீஸ் அதிகாரி, அவருடைய பயங்கரவாத எதிர்ப்புப் படை, வெடிகுண்டு செய்யும் மூன்று இளைஞர்கள். பாட்டு கிடையாது, வெளிச்சமும் கிடையாது. கேமரா கையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. இளைஞர்கள் தொழுகிறார்கள், பிறகு சமையலறையில் எதையோ கலக்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று படம் காட்டவில்லை.*

* இது எனக்கு இப்போது தோன்றியது. அன்று என் சீட்டில் 'ஒளிப்பதிவு அருமை' என்றுதான் எழுதினேன்.

3

சீட்டுகளில் சில.

இசக்கிமுருகன், அம்பாசமுத்திரம்: 'விறுவிறுப்பு. கேமரா ஆடிய ஆட்டத்தில் தலைவலி. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஊர் போய்ச் சேர வேண்டும். நான்கு.'

சுப்ரஜா, கல்லூரி மாணவி: 'அதிகாரிக்கு எதற்கு மனைவி? போனில் எப்போது வருவீர்கள் என்று கேட்பதற்கா? இரண்டரை.'

ஐயம்பெருமாள், காவல்துறை (ஓய்வு): 'விசாரணைக் காட்சியில் அடிக்கும் முறை தவறு. முகத்தில் அடித்தால் மறுநாள் நீதிபதியிடம் யார் பதில் சொல்வது? உள்ளங்கால் என்று ஓர் இடம் இருப்பது வெள்ளைக்காரனுக்குத் தெரியாதா? மூன்று.'

ஃபர்ஹத், வேதியியல் ஆசிரியை, மேலப்பாளையம்: 'சமையலறைக் காட்சியில் வேதியியல் தப்பு. அப்படிக் கலந்தால் வெடிக்காது, கலக்கியவனுக்கு வாந்திதான் வரும். நெடி தெரு முழுக்க வீசி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியிருப்பார். படம் பத்தாவது நிமிடத்தில் முடிந்திருக்கும். இரண்டு.'

தொழில் தெரிந்த இரண்டு பேர், படத்தில் தொழில் பிழை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐயம்பெருமாள் தன் சீட்டை எழுந்து நின்று வாசித்தார். மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் தன் சீட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

4

புதன்கிழமை ஐயம்பெருமாள் கடைக்கு வந்தார். சீட்டுக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"வே குமரு, டீச்சரம்மா எழுதுனத அச்சுல ஏத்தாதீரும்."

"வேடிக்கையாத்தான அண்ணாச்சி எழுதியிருக்காங்க?"

"நமக்கு வேடிக்கை. நாளைக்கு எவனாவது இதப் போன்ல படம் புடிச்சுப் போடுவான். மேலப்பாளையத்துக்காரி குண்டு வைக்கப் பாடம் எடுக்குதாளாம்னு கிளப்பி விடுவான். நான் முப்பது வருசம் அந்தப் பக்கம் இருந்தவன்வே. ஒரு காகிதம் எப்படிக் கேசாகும்னு எனக்குத் தெரியும். அவுக வேலைக்கே உலை வச்சிரும்."

இவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக நிற்கும். முயன்று பார்த்தேன். மீசையை முறுக்க வைத்தேன், ஒட்டவில்லை. அவர் அக்கறையோடுதான் சொன்னார். சொன்னது நடக்கக்கூடியதும்தான்.

இந்தக் கதையின் முதல் படியில், 'உங்க உள்ளங்கால் சீட்டு மட்டும் போகலாமா அண்ணாச்சி?' என்று நான் கேட்டதாக ஒரு வரி இருந்தது. நன்றாக வந்திருந்தது. ஆனால் நான் கேட்கவில்லை. அதனால் எடுத்துவிட்டேன்.

5

தாள் அச்சான மறுநாள், பிளஸ் ஒன் வினாத்தாள் தட்டச்சு செய்ய டீச்சர் வந்தார். மேசையில் இருந்த தாளை எடுத்தார். பேனா முனையால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே வந்தார், தேர்வு முடிந்து விடைத்தாள் எண்ணுகிற மாதிரி.

"சார், அன்னைக்கு இருபத்து மூணு பேரு. இதுல இருபத்து ரெண்டுதான் இருக்கு."

"இடம் பத்தல டீச்சர்."

கடைசிப் பக்கத்தின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளையாக இடம் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் தப்பா எழுதியிருந்தா செவப்பு மையில அடிச்சுக் குடுங்க, வாங்கிக்கிடுதேன். பேப்பரையே காணும்னு சொல்லாதீங்க. எம் பிள்ளைகளுக்கு ஒருநாளும் நான் அப்படிச் செஞ்சதில்ல."

ஐயம்பெருமாள் சொன்னதையெல்லாம் சொன்னேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி எழுதுனது இருக்கே?"

"அது வந்து…" [இது நான் கைவிட்ட வாக்கியம் அல்ல. அன்றைக்கே அது அவ்வளவுதான்.]

"பேர மட்டும் மாத்திப் போடட்டுமா டீச்சர்?"

"கோமுன்னு போடுங்க. எங்க பள்ளிக்கூடத்துக் கோமு டீச்சர் எழுதுனா, நல்லா வெவரமா எழுதியிருக்காங்கன்னு சொல்லுவாங்க. அவங்களும் நானும் ஒரே புத்தகத்தத்தான் சார் நடத்துதோம்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வினாத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"போட்டா எம்பேர்லயே போடுங்க. வர்றது வரட்டும், நான் பார்த்துக்கிடுதேன். இல்லேன்னா விட்டுருங்க. ஆனா என்ன செய்யப்போறீங்கன்னு எங்கிட்ட சொல்லிருங்க."

6

[இந்தப் பகுதியில் திரைப்படங்கள் யாரை எப்படிக் காட்டுகின்றன என்று மூன்று பக்கக் கட்டுரை இருந்தது. டீச்சர் திருத்தினால் 'கேட்ட கேள்விக்கு விடை இல்லை' என்று ஓரத்தில் எழுதுவார். நீக்கிவிட்டேன்.]

அதற்குப் பதில் ஒன்று செய்து பார்த்தேன். அவருடைய சீட்டை, கீழே கோமு என்று போட்டு ஒருமுறை தட்டச்சு செய்தேன். சிரிப்பு வந்தது. பெயரை மாற்றி ஃபர்ஹத் என்று போட்டேன். ஒரு சொல்கூட மாறவில்லை. கடை வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பயந்தது அவருக்காக என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

முடிவு ஒன்று: சீட்டை அச்சடிக்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், ஐயம்பெருமாளும் சேர்ந்து. எழுதுவதற்குச் சுகமான முடிவு. அச்சடிக்கத்தான் தைரியம் வேண்டும்.

முடிவு இரண்டு: அச்சடிக்கிறேன். எவனோ படம் பிடித்துப் பரப்புகிறான். பள்ளி நிர்வாகம் டீச்சரைக் கூப்பிட்டு… [மேலே எழுதவில்லை. ஒருவருடைய வேலையைப் பறிக்க எழுதுகிறவனுக்கு அரை வரி போதும். அவருக்கு அது இருபது வருட உழைப்பு.]

சீட்டைத்தான் கதைக்குள் முழுசாகக் கொடுத்துவிட்டாயே என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தேன். வம்பு வந்தால், இது வெறும் கதை என்று நான் தப்பித்துக்கொள்வேன். அவர் எழுதியது கருத்து. அந்தச் சலுகை அவருக்குக் கிடையாது.

முடிவு மூன்று, நடந்தது: அவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. ஒரு மாதம் ஓடிவிட்டது. அடுத்த இரண்டாவது ஞாயிறு அவர் வந்தார், வழக்கமான வரிசையில் உட்கார்ந்தார். அன்றைய படம் படு சுமார். நடுவில் இரண்டு முறை புரஜெக்டர் நின்றது. பாதிப் பேர் டீ குடிக்கப் போய்த் திரும்பவே இல்லை. முடிந்ததும் சீட்டு கொடுத்தேன். டீச்சர் நின்றுகொண்டே எழுதி, மடிக்காமல் நீட்டினார்.

'படம் நன்று. ஐந்துக்கு ஐந்து. ஃபர்ஹத், மேலப்பாளையம்.'

நான்கு வருடமாக வருகிறவர். எந்தப் படத்துக்கும் மூன்றுக்கு மேல் போட்டதில்லை.

அந்தச் சீட்டை ஓர் எழுத்து விடாமல் அச்சடித்தேன். யாரும் கடை தேடி வந்து ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை முடிவென்று வைக்க மனம் ஒப்பவில்லை. வேறு முடிவு தோன்றுகிறவர்கள் எழுதி அனுப்பலாம். கீழே உங்கள் முழுப் பெயரும் ஊரும் கட்டாயம் இருக்க வேண்டும். பெயரில்லாமல் வருவதைக் கழகம் வெளியிடுவதில்லை.