கிளட்சிலிருந்து காலை எடுத்தால்

மெக்கானிக்குக்கு எந்த வேலையும் ரெண்டே நிமிஷம்தான். அதை நம்பித்தான் அன்று மதியம் அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஷெட்டில் நின்ற அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தாள். கிளட்ச் பெடல் அவ்வளவு கடினம். இரண்டு காலையும் வைத்து மிதித்தால்தான் இறங்கும். பிரேக் ஆயிலை வடித்துவிட்டிருந்தார், அதனால் பிரேக் பிடிக்காது. சாவி தொலைந்துபோன வண்டி என்பதால், பானட்டைத் திறந்து இரண்டு ஒயரை முடிந்து இன்ஜினை ஓட விட்டிருந்தார்; உள்ளே இருந்து அணைக்க வழியில்லை. கேட்டால், "நான் பார்க்காத வண்டியா?" என்பார்.

"ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு அப்படியே அமுக்கிக்கோம்மா. சத்தத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்று வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நாலடியில் சுவர்.

அமுக்கினாள். சைலன்சர் கழற்றிய இன்ஜின் காதைக் கிழித்தது. பெடல் தரையோடு தரையாகத்தான் இருந்தது. ஆனாலும் வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெடலைக் கிளட்சோடு இணைக்கும் ராடை அளவு பார்த்துத் திருகுவது அவர். அது பிசகாமல் லாக் நட்டை இறுக்குவது அவள். அந்த இடுக்கில் அவள் சின்னக் கைதான் லேசாகப் போகும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். இன்று அவள் கட்டைவிரலில் வெட்டுக்காயம். "விடு, நானே இறுக்கிடறேன்" என்றார். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் பழக்கமில்லாத வேலை, மனுஷன் மறந்தே போயிருப்பார். ராடு கழன்றுகொண்டு வந்தது, எவ்வளவு மிதித்தும் கிளட்ச் விடவில்லை.

"என்னங்க, தள்ளிப் போங்க!"

பம்பர் முழங்காலில் இடித்ததும், இவள் கால்தான் தளர்ந்துவிட்டது என்று நினைத்தார் போல. பானட்டுக்கு மேலே ஒரு கை எழுந்து, அமுக்கு, அமுக்கு என்றது. அந்தக் கையைக் கடித்து வைக்கலாமா என்று வந்தது அவளுக்கு. கியரை இழுத்தாள், அசையவே இல்லை. வண்டி இன்னும் ஒரு சாண் போனது. காலை எடுத்தால் பாய்ந்துவிடும், எடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. இவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தாள். வண்டி அவரை உரசிக்கொண்டு திரும்பி, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய் முட்டியது. இன்ஜின் திணறி நின்றது.

பானட்டைப் பிடித்தபடி அவர் எழுந்தார். பேன்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"நட்டை நான் இறுக்கவே இல்லம்மா" என்றார்.

அவள் இரண்டு காலும் இன்னும் பெடலை அமுக்கியபடியே இருந்தன.

"இன்ஜின் நின்னுடுச்சு. காலை எடு."

எடுக்க வரவில்லை. அவர் கதவோரம் மண்டியிட்டு, அவள் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு காலாக எடுத்து வெளியே வைத்தார். அவர் கையை விட்டதும், அந்தக் கால்கள் மறுபடியும் உள்ளே போய்ப் பெடலை மிதித்துக்கொண்டன.