குடலின் நிறம்

முப்பத்தாறாம் வருஷம் பட்டணத்து மருத்துவப் பள்ளியில் அறுவைச் சிகிச்சைக்குத் தங்க மெடல் வாங்கியவன் நம்ம ராஜபாளையத்துச் சத்தியநேசன். சும்மா இல்லை! குடலிறக்கம் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கரும்பலகையில் படம் போட்டால் வாத்தியார்களே வாய் பிளப்பார்கள். ஒரே ஒரு சங்கதியை மட்டும் யாரும் கேட்கவில்லை. உயிருள்ள உடம்பில் அவன் கத்தி வைத்ததே கிடையாது. அறுத்ததெல்லாம் மருந்தில் ஊறிய பிணம். நிஜ ஆபரேஷன்களை, முன்னால் நிற்பவன் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்ததோடு சரி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தேவஇரக்கத்திடம் தொழில் பழக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெரியவர் மதுரைக்குப் போயிருந்த பகலில், மகாராஜபுரத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி சோலைச்சாமியை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இறங்கிய குடல் அடிவயிற்றில் சிக்கி இறுகிக் கிடந்தது. மதுரைக்கு அனுப்பச் சாயங்கால ரயில்வரை காத்திருந்தால் குடல் அழுகி ஆள் போய்விடுவார். சத்தியநேசன்தான் அறுத்தாக வேண்டும்.

"டாக்டரய்யா, காப்பாத்திருவியளா?" என்று சோலைச்சாமியின் மனைவி கருத்தம்மா கேட்டாள்.

"இது மாதிரி எம்புட்டோ பாத்திருக்கேம்மா" என்றான். பார்த்தது பொய்யில்லையே!

சோலைச்சாமிக்கு மூச்சிரைப்பு உண்டு. மயக்க மருந்து தாங்காது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டதால் ஆள் முழு நினைவோடு கிடந்தார். நர்ஸ் சந்தனமேரி கத்தியை எடுத்துக் கொடுத்தாள். பிணத்தின் தோலை அழுத்துகிற அதே அழுத்தில் இழுத்தான். பிணத்தின் தோல் செருப்புத் தோல் மாதிரி. இதுவோ தொட்டதும் பிளந்துகொண்டது. குபுக்கென்று ரத்தம் பொங்கி எல்லாவற்றையும் மூடியது. கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன டாக்டரே, செத்த நேரமா ஒண்ணையும் காணோம்?" என்றார் சோலைச்சாமி.

அதற்குமேல் மறைக்க அவனுக்கு மனசு வரவில்லை. "அண்ணாச்சி, உசுரோட இருக்க ஆள நான் அறுக்கது இதான் மொதத் தடவ."

சோலைச்சாமி கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "நான் அறுபடுறதும் மொதத் தடவதான். வெளிய அவகிட்ட மட்டும் சொல்லிராதிய. அறுங்க."

சந்தனமேரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் பஞ்சால் ஒற்றி, ரத்தக்குழாய்களைப் பிடித்துக் கட்டி, குடலை இறுக்கிக்கொண்டிருந்த சதை வளையத்தை வெட்டிவிட்டான். குடல் வெளியே வந்தது. நாவல்பழக் கறுப்பு. அங்கேதான் படித்த படிப்பெல்லாம் கைவிட்டது. குடல் செத்திருந்தால் வெட்டி எடுத்து இணைக்க வேண்டும், அது அவன் கையால் ஆகாது. உயிரிருந்தால் உள்ளே தள்ளித் தைத்துவிடலாம். தப்பாகத் தீர்மானித்தால் ஆள் காலி. எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியில் அவன் தொட்ட குடல் அத்தனையும் ஒரே சாம்பல் நிறம்.

இளஞ்சூடான உப்புநீரில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்திவிட்டு, "இயேசுவே, இயேசுவே" என்று வாய்க்குள் முனகினான். துணியை எடுத்தான். ஓரத்தில் லேசாகச் சிவப்பு. மறுபடி போர்த்தினான். மறுபடி எடுத்தபோது கறுப்பெல்லாம் கலைந்து, குடல் சிவந்து, மெல்ல நெளிந்தது.

"சிஸ்டர்! இது உசுரோட இருக்கு!" என்று கத்திவிட்டான்.

"அப்ப நானும் இருப்பேன்லா?" என்றார் சோலைச்சாமி.

"இருப்பிய அண்ணாச்சி, இருப்பிய" என்றவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சந்தனமேரி பஞ்சால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுகையெல்லாம் பொறவு வச்சுக்கோங்க டாக்டர். கண்ணீரு காயத்துல விழுந்துரும். மொதல்ல தைங்க."