அண்ணனின் கடைவாய்ப்பல்லும் பழைய படமும்

என் அண்ணனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நல்ல படம் எடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் தன் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பான். நானும் லேசுப்பட்டவள் இல்லை. இப்போது வரும் தொடர்கள் அந்தப் படங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பேன். முப்பது வருஷமாக இதே சண்டைதான். இருவரும் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை.

அப்படிப்பட்டவன் போன புதன்கிழமை கன்னம் வீங்கி, என் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம். மூன்று நாளாக வெறும் பாலைக் குடித்துக்கொண்டிருக்கிறான். கடைவாய்ப்பல்லை அன்றே பிடுங்கியாக வேண்டும். ஆனால் ஐயாவுக்குக் குறடைக் கண்டாலே குலை நடுங்கும். இதே நாற்காலியிலிருந்து ஏற்கெனவே நான்கு முறை எழுந்து ஓடியவன்.

நர்ஸின் கையைக் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக ஊசியைப் போட்டுக்கொண்டான்.

"ஒரு மணி நேரந்தான் மரத்திருக்கும். அதுக்குள்ள வாயத் தொற" என்றேன்.

"டிவியப் போடு, தொறக்கறேன். இன்னொரு ஊசின்னு மட்டும் சொன்னே, வந்த வழியே போயிடுவேன்."

நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் ஒரு டிவி மாட்டியிருக்கிறேன். டிவி பார்க்கிறவர்கள் ஈ புகுந்தாலும் தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள் இல்லையா? அந்த நம்பிக்கையில் மாட்டியதுதான்.

என் ஆஸ்பத்திரி, என் டிவி. நான் பார்த்துக்கொண்டிருக்கும் புதுத் தொடரைப் போட்டேன். துப்பறியும் அதிகாரி ஒருவர் இருட்டு வீட்டுக்குள் போகிறார். போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார்.

"கரண்ட் போயிடுச்சா?" என்றான் அண்ணன்.

"அது ஒளிப்பதிவு. பேசாம பாரு."

திரை அட்டைக்கறுப்பு. அதில் வேறென்ன தெரியும்? பிளந்த அவன் வாயும், அதன்மேல் குறடோடு குனிந்திருந்த நானும் பளிச்சென்று தெரிந்தோம்.

"ஐயையோ! யாரு இந்தப் பொம்பள?" என்று அலறியவன், கழுத்தில் கட்டிய துணியோடு வெளியே ஓடினான். அங்கே காத்திருந்த மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

நர்ஸ் சமாதானம் பேசி அழைத்து வந்தாள். "டாக்டர், சார் கேக்கற பழைய படத்தையே போட்டுடுங்களேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். கோர்ட்டுக் காட்சி. ஒவ்வொரு முகத்திலும் பூசிய பவுடர்கூடத் தெரிகிறது. அண்ணனுக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் பாடின வாய் சும்மா இருக்குமா? கதாநாயகன் வாதாட ஆரம்பித்ததும் இவனும் மரத்த நாக்கோடு கூடவே வாதாடினான். வசனத்துக்கு வசனம் வாய் மூடித் திறந்தது. சாட்சிக் கூண்டில் தாய் ஏறியபோது என் விரலைக் கடித்துவிட்டான்.

"படுபாவி! கடிச்சிட்டியே!"

"அம்மா அழறாங்க, நான் வாயப் பொளந்துட்டுக் கெடக்கறதா? இதாண்டி படம். உன் தொடர்ல இருட்டுல ஒருத்தன் அழுதா என்ன, கொட்டாவி விட்டா என்ன?"

"குண்டு பட்டவன் பத்து நிமிஷம் பேசிட்டுச் சாகறதெல்லாம் ஒரு நடிப்பா?"

"அவன் பேசாம செத்தா சொத்து யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

டிவியை அணைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றேன். சண்டை முற்றியது. நர்ஸ்தான் நடுவில் புகுந்து கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் பத்தே நிமிஷம்.

அண்ணன் கன்னத்தைத் தடவினான். "லேசா வலிக்க ஆரம்பிக்குது. பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நான் எப்படிடி சிரிச்சுட்டு நிப்பேன்?" என்றான். குரல் உடைந்தது.

ஒரே ஒரு வழிதான் தோன்றியது. குறடை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தேன்.

"அண்ணா, நீ சொல்றதுதான் சரி. பழைய படந்தான் ஒசத்தி."

நான் பிறந்ததிலிருந்து என்னிடம் அப்படியொரு வார்த்தையைக் கேட்டிராத மனுஷன். அவன் தாடை மெல்ல இறங்கியது. இறங்கி, அப்படியே நின்றது. உள்நாக்கு வரை தெரிந்தது. பின்னால் நர்ஸும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றாள்.

இரண்டு ஆட்டு, ஒரு இழுப்பு. பல் 'டொங்'கென்று தட்டில் விழுந்த பிறகும் அவன் வாயை மூடவில்லை. பஞ்சை வைத்து நானே மூடிவிட்டேன்.

"ஒரு மணி நேரம் பேசக் கூடாது" என்றேன்.

அவன் கண்ணில் நீர் தளும்பியது. எனக்கும் மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். மேஜையிலிருந்த மருந்துச்சீட்டை இழுத்து, ஏதோ எழுதி நீட்டினான். நன்றி சொல்கிறானாக்கும் என்று வாங்கிப் படித்தேன்.

'இன்னொரு தடவை சொல்லு.'

நர்ஸை வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.