பின் சீற்றில் ஐம்பத்துநான்கு கிலோ

ஒஸ்லோவின் ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில், மூன்றாம் மாடியில், பஸ் ஓட்டுநர் ஜெகதீஸ்வரனின் வீட்டில் கிடந்த கோழிமுட்டை அளவான கல் 2024 சித்திரையில் ஐம்பத்துநான்கு கிலோவை எட்டி, அதோடு நின்றுவிட்டது. அதே கிழமை தமிழ்க்கடையில் முருங்கைக்காய் விலை ஏறியதால் ஊரில் கல்லைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. கல் கனக்கத் தொடங்கிப் பதினைந்து வருசமாகியிருந்தது, முருங்கைக்காய் அப்படியல்ல. முதலில் அது உடுப்பு அலுமாரியில் சாரங்களுக்கு அடியில் கிடந்தது. 2011இல் தட்டு உடைந்தது. குசினித் தரைக்கு மாற்றினார்கள், அங்கே பலகை பள்ளம் விழுந்தது. வெங்காயமோ உருளைக்கிழங்கோ எது கைதவறி விழுந்தாலும் உருண்டு அந்தப் பள்ளத்துக்கே போய்ச் சேர்ந்ததால் வீட்டுக்காரி சிவமலர் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரரின் முறைப்பாட்டில் குடியிருப்போர் சங்கம் ஒரு கடிதம் அனுப்பியது: பாரமான உடற்பயிற்சிச் சாமான்களை நிலவறையில் வைக்கவும், இனிய கோடை வாழ்த்துகள். மகள் யாழ் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது விஞ்ஞான வாத்தியார் தராசைத் திருத்தச் சொன்னார். "விடுங்கோ, நான் தூக்கிறன்" என்று குனிந்த ஆம்பிளைகள் ஊரில் ஏழு பேர். இதை எழுதுகிறவர் அதில் நாலாமவர். இன்றைக்கும் மழை வந்தால் இடுப்பு நாரி பிடிக்கிறது.

கல் வந்த கதை எல்லாருக்கும் தெரியும், பாதிவரைக்கும். 1994 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து மூன்று பேர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார்கள். ஜெகதீஸ்வரனுக்கும் சந்திரகுமாருக்கும் இருபத்துமூன்று வயது. கிளெமென்ற் நாலு வயது மூத்தவர், ஆனபடியால் அண்ணை. மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போனால் விளங்காது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். அப்படிப் போகவேண்டி வந்தால் ஒரு கல்லை எடுத்துப் பொக்கற்றில் போட்டு, அதையும் ஒராளாக எண்ணி, நாலு பேராகப் போவார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பத்துக்கு ஆகாத நம்பிக்கை, சுவாமியார் அறிந்தால் ஏசுவார். ஆனாலும் கலியாணம் முடித்து நாலு மாதமான புஷ்பராணி, கடற்கரையில் நடுவே ஓட்டை விழுந்த வெள்ளைக் கல்லொன்றைப் பொறுக்கிவந்து புருசன் கிளெமென்றின் பொக்கற்றில் போட்டார். மாதாவும் பார்க்கட்டும், கல்லும் பார்க்கட்டும்.

மொஸ்கோவரை விமானம். பிறகு கீவ் நகரில் ஏஜென்சிக்காரன் பூட்டிவைத்த வீடொன்றில் நாற்பத்தொரு நாள். அந்த வீட்டில் பொழுதுபோக்கு இரண்டே இரண்டு: குளியலறையில் ஒரு தராசு, சுவரில் ஒரு பழைய கலண்டர். ஒவ்வொரு காலையும் மூவரும் ஏறி நின்று நிறை பார்த்தார்கள். கிளெமென்ற் வந்த அன்று அறுபத்தொன்று, வெளிக்கிட்ட அன்று ஐம்பத்துநான்கு. கலண்டரில் மாதத்துக்கொரு நகரம் இருந்தது. கோபன்ஹேகன், ஹம்பேர்க், பேர்லின், பிராக். "பேப்பர் கிடைக்கட்டும், ஒரு கோடைக்கு இதெல்லாத்தையும் சுத்திப் பாக்கிறம். லொறிக்குள்ளாலை இல்லை. கமெராவோட, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துரைமார் மாதிரி" என்றார் கிளெமென்ற். மற்ற இருவரும் ஓம் என்றார்கள். பசியில் எதற்கும் ஓம் சொல்லலாம்.

தை மாதம், ஒரு மத்தியானம், செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் நடுவிலுள்ள காட்டில் முழங்கால் புதையும் பனிக்குள் பதினொரு பேரை நடக்கவிட்டார்கள். பின்னேரமளவில் கிளெமென்ற் பின்தங்கினார். நாக்குப் புரளாமல் ஏதோ கதைத்தார். பிறகு சிரித்துக்கொண்டு "வேர்க்குதடா" என்று ஜக்கெற்றைக் கழற்றினார். பாசையூரில் பிறந்தவனுக்கு வேர்வையைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: காய்ச்சல்காரனுக்கு வேர்த்தால் காய்ச்சல் விடுகிறது. இருவருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது. "அண்ணைக்குச் சுகம் வருது" என்றார் சந்திரகுமார். ஜெகதீஸ்வரனிடம் இருந்தது ஒரு கம்பளிச் சட்டை மட்டும். "நீ போடு, எனக்கு உடம்பெல்லாம் எரியுது" என்று கிளெமென்ற் ஜக்கெற்றை நீட்டினார். ஜெகதீஸ்வரன் வாங்கிப் போட்டார். சூடாக இருந்தது. வழிகாட்டி, பின்னால் வாகனம் வரும், இவரை ஏற்றிவரும் என்று கையால் காட்டினான். கிளெமென்றை ஒரு மரத்தோடு சாய்த்து இருத்திவிட்டு நடந்தார்கள். ஜக்கெற் பொக்கற்றில் கல் இருந்ததை ஜெர்மனிக்குள் வந்த பிறகுதான் கண்டார்கள்.

ஒஸ்லோவிலிருந்து புஷ்பராணிக்குத் தொலைபேசி எடுத்து, அண்ணை மற்றக் குறூப்போடு வாறார் என்றார்கள். அன்றைக்கு அதை அவர்களும் பாதி நம்பினார்கள். பிறகு அந்தப் பாதியும் தேய்ந்தது, ஆனால் சொன்ன சொல் அப்படியே நின்றது. ஜெகதீஸ்வரன் பஸ் ஓட்டினார், சந்திரகுமார் எல்லிங்ஸ்ருட்டில் வீடு வாங்கி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தார், பிள்ளைகள் பிறந்து தமிழில் ஏச்சு வாங்கி நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லும் வயதுக்கு வந்தார்கள். கிளெமென்றின் ஜக்கெற்றை மூன்று மாரிக்குப் போட்டுவிட்டு, கை நைந்ததும், பழைய உடுப்புப் போடுகிற பெட்டியில் ஜெகதீஸ்வரன் போட்டார். 1999இல் புஷ்பராணி தானே வழி பிடித்து நோர்வேக்கு வந்து, திராமன் நகரில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கழுத்தில் தாலிக்கொடி, படிவங்களில் 'மணமானவர்'. ஒவ்வொரு கார்த்திகை இரண்டாம் திகதியும் மரித்தோருக்கான பூசையில் எல்லாரும் தங்கள் செத்த ஆட்களின் பெயரைக் கொடுத்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். புஷ்பராணி கடைசி வரிசை வாங்கில் வெறுங்கையோடு இருப்பார். ஒவ்வொரு நத்தாருக்கும் இரண்டு ஆம்பிளைகளும் கேக்கோடு திராமனுக்குப் போவார்கள். "ஏதும் தகவல்?" என்று கேட்பார். "விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறம் அக்கா" என்பார்கள். பிறகு இடியப்பம்.

2009 மாசியில் பஸ் ஓட்டுநர்களுக்கு முதலுதவி வகுப்பு வைத்தார்கள். குளிரில் விறைத்துச் சாகிறவனுக்குக் கடைசியில் வெக்கையாக இருக்கும், உடுப்பைக் கழற்றப் பார்ப்பான், ஒருக்காலும் கழற்ற விடக்கூடாது என்று ஆசிரியை சொன்னார். ஜெகதீஸ்வரன் கையை உயர்த்தி அதை மறுபடி சொல்லச் சொன்னார். அவர் மறுபடி சொன்னார், இந்தமுறை ஆறுதலாக, சொல் சொல்லாக, வெளிநாட்டுக்காரருக்குச் சொல்வதுபோல. அடுத்தநாள் காலை கல் கால் கிலோ கூடியிருந்தது. சந்திரகுமாருக்குத் தொலைபேசி எடுத்து இரண்டையும் சொன்னார். "உனக்கு அந்த வகுப்புக்கு லீவு போட ஏலாமப் போச்சே மச்சான்" என்றார் சந்திரகுமார்.

ஆகவே 2024 சித்திரையில் கல்லின் நிறை நின்ற இடத்தைப் பார்த்தபோது அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டி இருக்கவில்லை. தராசைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

"ஐம்பத்துநாலு" என்றார் ஜெகதீஸ்வரன்.

"எனக்கும் கண் தெரியும்."

"அண்ணை வந்திட்டார்."

"வந்திட்டார்தான். இனி என்ன செய்யப் போறாய், சாப்பாடு போடப்போறியோ?"

யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. கலண்டரில் இருந்த நகரங்களைக் காட்டிவிட்டு, அண்ணையை விட்டுவந்த காட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவது. புஷ்பராணிக்குச் சொல்வது என்கிற இன்னொரு வழியும் இருந்தது. அதை இருவரும் கதைக்கவில்லை. நாடே விடுமுறையில் போகிற யூலையில் மனைவிமாரிடம் 'யூரோப் ட்ரிப்' என்றார்கள். "ஐம்பது தாண்டினாப் பிறகுதான் பெடியளுக்குத் துள்ளல்" என்று சொல்லிச் சிவமலர் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தார்.

சந்திரகுமாரின் மின்சாரக் காரின் பின்சீற்றில் கல்லை வைத்ததும் கார் கீகீ என்று கத்தத் தொடங்கியது. எல்லாக் கதவையும் சாத்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கடைசியில் கல்லுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் போட்ட பிறகுதான் அடங்கியது. ஜெகதீஸ்வரன் கியரில் கைவைத்தபோது சந்திரகுமார் தடுத்தார்.

"பொறு. இப்ப நாங்கள் மூண்டு பேரெல்லோ?"

இறங்கி, மாரியில் வழுக்காமல் இருக்கத் தூவிய சல்லி இன்னும் கிடந்த கார்த்தரிப்பிடத்தில் ஒன்றைப் பொறுக்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். நாலு பேராகப் புறப்பட்டார்கள்.

கோபன்ஹேகனில் சந்திரகுமாரின் சகலன் வீட்டில், தொலைபேசியில் மூன்று பேர் என்று வாய்தவறிச் சொல்லியிருந்ததால் மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை வைத்திருந்தார்கள். கல்லைக் கதிரையில் இருத்தினார்கள். கதிரைக்கால் ஒன்று விரிந்தது, வீட்டுக்காரி ஒன்றும் கேளாமல் நண்டுக்கறியை மூன்றாவது கோப்பையிலும் போட்டார். ஹம்பேர்க் துறைமுகத்தில் சுற்றுலாப் படகு இடப்பக்கம் சாய்ந்தது. மாலுமி சீனப் பயணிகளை வலப்பக்கம் போகச் சொன்னான். பேர்லினில் கறுப்புக் கண்ணாடியொன்றைக் கல்லின்மேல் வைத்துப் படமெடுத்தார்கள். கண்ணாடி பெரிதாக இருந்ததால் கல் தெரியவில்லை, படத்தில் இரண்டு வழுக்கைத் தலைகளுக்கு நடுவில் யாருடையதோ கண்ணாடி. பிராக்கில் பாலத்தில் நின்றபோது கோயில் மணி அடித்தது. சந்திரகுமார் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐஸ்கிறீமைக் கீழே விட்டார். "இந்த மணி. லொறிக்குள்ள கேட்டது. அண்ணை எண்ணினவர்." அன்றைக்கும் பன்னிரண்டு, இன்றைக்கும் பன்னிரண்டு. முப்பது வருசத்துக்கு முன் இந்த நகரம் அவர்களுக்கு டீசல் மணமும் பன்னிரண்டு அடியும்தான். இப்போது ஐஸ்கிறீம் வாங்கலாம்.

காட்டில் காடு குறைவாக இருந்தது. எல்லையில் காவலில்லை, ஒரு நீலப் பலகை மட்டும். சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். மரங்கள் எல்லாம் ஒரே மரம். முப்பத்துநான்கு பாகை வெயிலில், கல்லை இரண்டு பேரும் மாறிமாறி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் தேடிவிட்டு, ஏதோ ஒரு மரத்தடியில் வைத்தார்கள். செபம் சொல்லத் தொடங்கி, நடுவில் மறந்து, சிலுவை போட்டு முடித்தார்கள். நாற்பது அடி நடந்திருப்பார்கள். ஜெகதீஸ்வரன் நின்று, "சரியா வேர்க்குதடா" என்று சேர்ட்டின் பொத்தானைக் கழற்றினார்.

சந்திரகுமார் பாய்ந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்தார். "கழட்டாதை. கழட்டாதையடா, டேய், கழட்டாதை."

சைக்கிளில் வந்த ஒரு தம்பதி இறங்கி, உதவி வேண்டுமா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினார்கள். ஐம்பது தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதால் கேட்கத்தான் செய்வார்கள்.

"ரெண்டாந்தரமும் விட்டிட்டுப் போறதோ?" என்றார் ஜெகதீஸ்வரன்.

திரும்பிப் போய்க் கல்லைத் தூக்கினார்கள். பொக்கற்றில் இருந்த ஹவுகன்ஸ்டுவாச் சல்லியை அந்த மரத்தடியில் வைத்தார்கள். வேறு நகரம் எதுவும் பார்க்கவில்லை. கார் சார்ஜ் ஏற நின்ற இடங்களில் மட்டும் நின்று, நேரே திராமனுக்கு வந்தார்கள். வேலை முடிந்து வந்த புஷ்பராணி சீருடையோடு கதவைத் திறந்தார். யூலையில் அவர்களைக் கண்டதிலேயே பாதி விளங்கியிருக்க வேண்டும். கல்லை மேசையில் வைத்ததும் மேசை முனகியது.

"இது அவரின்ரை பொக்கற்றிலயெல்லோ இருந்தது" என்றார் புஷ்பராணி.

ஜெகதீஸ்வரன் சொன்னார். காடு, மரம், வழிகாட்டியின் கை, ஜக்கெற், உடுப்புப் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. புஷ்பராணி கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னவர்?"

"வேர்க்குது எண்டவர், அக்கா. எங்களுக்கு அப்ப தெரியாது."

"நாங்களும் முதலுதவி வகுப்பிலை படிக்கிறனாங்கள் அதை. ரெண்டு வருசத்துக்கொருக்கா." விரல்நுனியால் கல்லின் ஓட்டையைத் தடவினார். "நீங்கள் எப்ப படிச்சனீங்கள்?"

"ரெண்டாயிரத்தொன்பது."

புஷ்பராணி எண்ணினார். "பதினைஞ்சு நத்தாருக்குக் கேக்கோட வந்திருக்கிறியள்."

கேக் நல்லதென்றுகூட அவர் ஒவ்வொரு வருசமும் சொல்லியிருந்தார். "வைச்சிட்டுப் போங்கோ" என்றார். அவர்கள் சப்பாத்துப் போடும்போது திரும்பிப் பார்த்தார்கள்: புஷ்பராணி, முதியோர் இல்லத்தில் முடியாதவர்களைத் தூக்குகிற முறைப்படி, காலை அகட்டி, முழங்காலை மடித்து, நாரியை நிமிர்த்தி, ஐம்பத்துநான்கு கிலோவையும் ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். ஊரில் ஏழு ஆம்பிளைகளால் முடியாத காரியம்.

அந்தக் கார்த்திகை இரண்டாம் திகதி மரித்தோர் பூசையில் கிளெமென்றின் பெயரை முதல்தடவையாக வாசித்தார்கள். புஷ்பராணியின் கழுத்தில் கொடி இல்லை. நத்தாருக்கு இருவரும் கேக்கோடு போனார்கள். புஷ்பராணி கேக்கை வாங்கிக் கதவைச் சாத்தினார். கட்டிலின் இடப்பக்கக் காலுக்குக் கீழே இரும்புத் தகடு வைத்ததாகவும், கல்லுக்கு ஒரு சின்னக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டிருப்பதாகவும், யூன் வெயிலிலும் அதைக் கழற்றுவதில்லை என்றும் திராமன் ஆட்கள் சொன்னார்கள். "அவர் வேர்க்குது எண்டுதான் சொல்லுவார், கழட்ட விடக்கூடாது" என்று யாருக்கோ விளக்கம் சொன்னாராம். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம்.

2025 நத்தாருக்கும் போனார்கள். கதவு திறந்தது. புஷ்பராணி கேக்கை வாங்கினார், இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார். ஜெகதீஸ்வரனின் கை ஜக்கெற்றின் சிப்புக்குப் போனது. "அதைக் கழட்டாதேங்கோ. அப்பிடியே இருங்கோ."

ஹீற்றர் இருபத்துநான்கு பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் இரண்டு பேரும் மாரி ஜக்கெற்றோடு, எதிர்க்கதிரையில் கம்பளிச் சட்டையோடு கல். இடியப்பம் வந்தது. நெற்றியிலிருந்து வழிந்தது கோப்பைக்குள் சொட்டியது. ஒருவரும் வேர்க்குது என்று சொல்லவில்லை.